கருவிலே தொடங்கும் அறிவு வளர்ச்சி



கரு உருவான 28 நாள்களுக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமாகிய நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதைப் பெண்ணே பெரும்பாலும் அறிந்திராத காலம் அது. அக்குழல் சரிவர மூடுதற்கு ஃபோலிக் அமிலம் துணைபுரிகிறது. நரம்புக் குழல் குறையுள்ள மகவை முன்னர்க் கருவுற்ற தாய்மாரிடையே பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிகழ்த்திய ஆய்வு 1991இல் வெளிவந்தது. அம்மருந்தை உட்கொண்டோரிடம் அக்குறை மீண்டும் தோன்றுவது 72 விழுக்காடு குறைந்தது. எனவே, வளைகாப்புக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது காலங்கடந்த எண்ணம். மகப்பேற்றை விழையும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் உட்கொள்ளத் தொடங்குதல் வேண்டும்.

அயோடினும் அத்தகையதே. முதல் மாதங்களில் கரு தாயின் தைராய்டு சுரப்பையே நம்பி வளர்கிறது. இந்துப்பே நல்லதென்று அயோடின் கலந்த உப்பைக் கைவிடும் இக்காலப் புதுமோகம் கருவுற்றவர் இல்லத்தில் வேண்டாம்.

புலால் மறுத்த குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டியது வைட்டமின் பி12. காய், கனி, கீரை, பருப்பு ஆகியவற்றிலிருந்து இது போதிய அளவு கிட்டுவதில்லை. பாலும் தயிருமே வாயில். நரம்புகளைப் போர்த்தும் உறை உருவாக இச்சத்து இன்றியமையாதது. தாயிடம் இது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிறந்தபோது நலமாயிருந்த குழந்தை சில மாதங்களில் சிரிப்பதை மறக்கும். நின்ற தலை சாயும். கை கால்கள் நடுங்கும். விரல் கணுக்களில் கருமை படரும். உடலோ பலவேளை கொழுகொழுவென்றே இருப்பதால் பெரியவர்கள் ஐயுறுவதில்லை. ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால் இரத்தச் சோகை தணிந்ததுபோல் தோன்றி, நரம்புக் கேடு மறைவாகத் தொடரவும் கூடும். ஆதலின் கருவுறுமுன்னரே இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொற்படி பி12 மாத்திரையும் கொள்ளுதல் நன்று. அச்சத்து புலாலிலிருந்து எடுக்கப்படுவதன்று. நொதித்தல் முறையில் உண்டாக்கப்படுவது. எனினும் கூடுறை மருந்துகளின் உறை விலங்கின் எலும்பிலோ தோலிலோ செய்த ஜெலட்டினாக இருக்கலாம். கடையில் வினவி மாத்திரையாகவே பெறலாம்.

பொழுது சாயுமுன் உண்ணும் இல்லங்களில் இரவின் இடைவெளி நீண்டது. கருவுற்றவளின் மாலையுணவில் பாலும் பருப்பும் நிறைவாக இருத்தல் வேண்டும். நீண்ட உபவாசத்தை அவள் மேற்கொள்ளாதிருக்க, மாமியாரே முன்வந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும்; மருமகள் தானாகக் கேட்கத் தயங்குவாள்.

பிறந்தபின் உணவோடு அரவணைப்பும் சேர வேண்டும். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் காப்பகக் குழந்தைகள் 136 பேரிடம் 2000ஆம் ஆண்டு முதல் நடந்த ஆய்வில், இரண்டு வயதுக்குமுன் வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்ந்தவர்கள் காப்பகத்திலேயே தங்கியவர்களைவிட அறிவாற்றலில் மேம்பட்டனர். கைபேசியைக் காட்டிச் சோறூட்டும் இந்நாளில் இது நினைக்கத்தக்கது. பாட்டி மடியிலிருத்திக் கதை சொல்லக் குழந்தை மழலையில் ஏதோ விடை சொல்லும். அவ்விடைக்கு மறுமொழி கிடைக்குந்தோறும் மொழிக்குரிய நரம்பிணைப்புகள் வலுப்பெறுகின்றன.