பால்மரக் காட்டுக்குள் வந்த அந்நியப் படைகள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வியட்நாம் என்றதும் நம்மில் பலருக்கு ஆகாய விமானமும் குண்டும்தான் நினைவுக்கு வரும். நாம் இன்று அந்நாட்டின் பால்மரக் காட்டிலிருந்து பேச்சைத் தொடங்குவோம். அங்கேயும் நம்மைப் போல் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்கள் இருந்தார்கள். அந்நியப் படைகள் அந்த மண்ணில் ஏன் வெற்றி பெறவில்லை என்பது அவர்களுடைய கதையில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், டயர் செய்யும் மிஷ்லின் கம்பெனிக்குச் சைகோனுக்கு வடக்கே பூ ரியெங் என்ற இடத்தில் தோட்டம் இருந்தது. வட வியட்நாமின் ஏழை விவசாயிகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் பிடித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஆள்கட்டும் முறை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் வந்த வழியும் அதுதானே! மலேரியாவாலும் அடி உதையாலும் ஏராளமானோர் மாண்டார்கள். முறையிடத் தொழிற்சங்கம் கிடையாது.

சங்கம் நுழைய முடியாத இடத்தில் இரகசியக் கட்சி நுழைந்தது. 1929 அக்டோபரில் அங்கே கம்யூனிஸ்டுக் கிளை ஒன்று அமைந்தது. அதன் முன்னணியில் நின்ற டிரான் டு பின் என்ற இளைஞர் கிறிஸ்தவக் குருமடத்தில் படித்தவர். 1930-இல், வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் என்ன இராஜ்யமா கேட்டார்கள்? அடிக்கக் கூடாது, எட்டு மணி நேர வேலை, பிள்ளை பெறும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு ஓய்வு. பதிலுக்குப் பட்டாளம் வந்தது. டிரான் டு பின் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் அவரே வியட்நாம் படையில் ஜெனரல் ஆனார்.

1945 செப்டம்பர் 2-இல் ஹனோயில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். அதே மாதம் ஜப்பானியரிடம் ஆயுதம் வாங்குவதற்கென்று பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசி சைகோனில் வந்து இறங்கினார். செப்டம்பர் 23-இல் அவருடைய துணையோடு பிரெஞ்சுக்காரர் நகரைத் திரும்பப் பிடித்தார்கள். போதாக்குறைக்கு, தோற்றுச் சரணடைந்த ஜப்பானியச் சிப்பாய்களையும் அவர் வியட்நாமியருக்கு எதிராக ஏவினார். அவர் கொண்டுவந்த படை 20-வது இந்திய டிவிஷன். தன் நாடே அடிமைப்பட்டுக் கிடக்கையில், இந்தியச் சிப்பாய் இன்னொரு நாட்டின் விலங்கைப் பூட்டப் போனான். நேரு இதைக் கண்டித்தார்.

பிரெஞ்சுப் போர் 1954 மே மாதம் தியென் பியென் பூவில் தோல்வியாக முடிந்தது. அதன் கடைசி வருடங்களில் செலவில் பெரும்பகுதியைத் தந்தது அமெரிக்கா. ஜெனிவா உடன்படிக்கை நாட்டை 17-வது அட்சரேகையில் தற்காலிகமாகப் பிரித்தது; 1956-இல் நடத்துவதாகச் சொன்ன தேர்தல் நடக்கவே இல்லை.

அடுத்துச் சொல்லப்போவது நம் நாட்டிலிருந்து அங்கே போன ஒரு சரக்கு. 1948 முதல் 1960 வரை இங்கே அவசரகாலம். லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி. சோற்றுப் பொட்டலம்கூட வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகத் தடை. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே பாதுகாப்பு இலாகாவின் செயலாளராக இருந்த ராபர்ட் தாம்சன் 1961-இல் பிரிட்டிஷ் ஆலோசகராகச் சைகோன் போனார். 1962-இல் அங்கே நிகோ டின் டியெம் அரசாங்கம் நம் புதுக்கிராமத்தைப் போல வேலியடைத்த கிராமங்களை அவசர அவசரமாகக் கட்டியது. அந்த அவசரத்தைத் தாம்சனே குறை கூறினார்.

ஆனால் இங்கே வேலியோடு சுதந்திரமும் வந்தது, 1957-இல். அங்கே விவசாயிக்கு என்ன வந்தது? அவன் வயலும் முன்னோர் சமாதியும் வேலிக்கு வெளியே கிடந்தன. 1963 நவம்பரில் டியெம் தம் சொந்த ஜெனரல்களின் புரட்சியில் கொல்லப்பட்டார், திட்டமும் சரிந்தது.

1965 மார்ச்சில் டா நாங்கில் அமெரிக்கப் போர்ப்படை இறங்கியது. 1968-இல் அது ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வடக்குக்கு ரஷ்யாவும் சீனாவும் ஆயுதம் கொடுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தென்கொரியரும் ஆஸ்திரேலியரும்கூட வந்தார்கள். 1966 ஆகஸ்ட் 18-இல் லோங் டானில், கொட்டும் மழையில், ரப்பர் நிரைகளுக்கு நடுவே சண்டை நடந்தது. ஆஸ்திரேலியர் 18 பேர் இறந்தனர். எதிர்த்தரப்பில் அதைப் போல் பல மடங்கு. குண்டு பட்ட மரத்தில் பால் எப்படி வழிந்திருக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்தது. நாலே வருடத்தில், 1979 பிப்ரவரியில், கம்யூனிஸ்டுச் சீனாவே கம்யூனிஸ்டு வியட்நாமின் மேல் படையெடுத்தது. வியட்நாமியர் அப்போதும் எல்லையில் நின்று எதிர்த்தார்கள். இத்தனை சண்டையும் கொள்கைக்காக மட்டும்தான் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இன்று அந்நாட்டுத் தொழிற்சங்க சம்மேளனம் கட்சியின் தலைமையில் இயங்குகிறது. அந்த முறை நமக்கு உடன்பாடல்ல. அதை மறைக்கவும் மாட்டோம். ஆனாலும் அந்நாட்டு ரப்பர் தொழிலார் ஆண்டுதோறும் அக்டோபர் 28-ஆம் தேதியைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பூ ரியெங் தோட்டத்தில் 1929-இல் அந்த இரகசியக் கிளை கூடிய நாள் அது.