சுண்ணாம்பு நீரும் பவளமும்



கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீடுகளில், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுரண்டினாலும் லேசில் வராது. அது கால்சியம் கார்பனேட். கடலுக்கு அடியில் பவள உயிர்கள் கட்டும் கல்லும் அதே பொருள்தான். நம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் அடுப்புச் சூட்டில் சேர்ந்து படிகின்றன. பவளமோ எந்தச் சூடும் இல்லாமல், கடல்நீரிலிருந்தே இரண்டையும் எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது.

இந்தப் பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கடலோரத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. நமக்கும் கடலுக்கும் நடுவே செஞ்சியும் திண்டிவனமும் இருந்தாலும், கடலுப்புக் கலவையை வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் தொட்டிக்கு வேண்டிய கடல்நீர் தயார். போர்வெல் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. அதில் ஏற்கெனவே என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறது என்பது ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு மாறும். அதன்மேல் எந்தக் கணக்கும் நிற்காது.

கணக்கு என்று சொன்னேனே, அதுதான் இந்த வளர்ப்பின் உயிர். இயற்கைக் கடல்நீரில் ஒரு லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம். காரத்தன்மை, அதாவது முக்கியமாக அந்தப் பைகார்பனேட்டின் அளவு, டிகேஹெச் என்ற அலகில் சுமார் 7. பெரும்பாலோர் கால்சியத்தைத்தான் கவனிப்பார்கள். கல் கட்டுவது கால்சியம் என்று பெயர் வாங்கிவிட்டது அல்லவா! என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது காரத்தன்மை. காரணம் சொல்கிறேன். பவளம் வளர்ந்து, ஒரு லிட்டர் நீரில் 20 மில்லிகிராம் கால்சியத்தைச் செலவழிக்கிறது என்று வையுங்கள். 420 இருந்தது 400 ஆகும். பார்த்தால் ஒன்றுமே குறையாதது போலிருக்கும். ஆனால் அதே வளர்ச்சிக்குக் காரத்தன்மையில் 2.8 டிகேஹெச் போய்விடும். 8 இருந்த தொட்டி 5.2க்கு வந்து நிற்கும். கால்சியம் கையிருப்பு பெரியது, காரத்தன்மையின் கையிருப்பு சிறியது. பவளத்தின் வளர்ச்சி நிற்பதும், நுனி வெளுப்பதும் பெரும்பாலும் இந்தச் சிறிய கையிருப்பு ஏறி இறங்குவதால்தான்.

அளப்பது எளிது. தொட்டி நீர் 5 மில்லியைச் சின்னக் குப்பியில் எடுத்துச் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டில் நீர் நீலமாகும். ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மஞ்சளாகிவிடும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகேஹெச். எட்டுச் சொட்டில் மாறினால் எட்டு. தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையும் மாலையும் ஒன்றாக இராது.

குறைந்தால் என்ன செய்வது? நம் சமையலறை ஆப்ப சோடாவே உதவும். நூறு லிட்டர் நீரில் ஒரு டிகேஹெச் ஏற்ற மூன்று கிராம் போதும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடக் கூடாது. ஒரு நாளில் ஒரு டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றவும் கூடாது. கால்சியம் குறைந்திருந்தால் கால்சியம் குளோரைடைத் தனியே கரைத்து, வேறு வேளையில் ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் தண்ணீர் பாலாக வெளுத்து, மோட்டாரிலும் ஹீட்டரிலும் கல்லாகப் படியும். போட்டும் போட்டும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பாருங்கள். அது லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் இருந்தால்தான் மற்ற இரண்டும் கரைந்த நிலையிலேயே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு நீர். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் கரையும். மீதி அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும், இரவு நேரத்தில், சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். கால்சியமும் காரத்தன்மையும் பவளம் செலவழிக்கும் அதே விகிதத்தில் சேரும். நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் நன்றாக ஆவியாகும். அந்த இழப்பை ஈடுசெய்யும் நீராகவே இதை விடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு கலப்பு இருக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பவளம் வளர்ப்பவர்களிடையே இந்தச் சுண்ணாம்பு நீர் முறையைப் பரப்பியவர் பீட்டர் வில்கென்ஸ்.

இந்தச் சுண்ணாம்பை நினைக்கும்போது தூத்துக்குடிக் கடல் நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பவளம் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப் போயின. 1986-இல் இருபத்தொரு தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டுவது உடனே நின்றுவிடவில்லை. இன்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு அந்தக் கடலை மீட்க உழைக்கிறார்கள்.

ஆகவே தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் சோதனைக் குப்பியை வாங்குங்கள். ஒரு மாதம் வெறும் நீரை அளந்து பழகுங்கள். யாராவது ராமேசுவரத்துப் பவளம், தூத்துக்குடிப் பவளம் என்று கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். நம் கடலின் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும், காய்ந்த கல்லாக இருந்தாலும், எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.