படகு செல்லும் ஆழமே வெள்ளம் செல்லும் ஆழம்

(பள்ளிக்கரணைத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இவ்வூரை அடுத்துச் சதுப்பு நிலம். அதற்குக் கிழக்கே ஒரு கால்வாய். அதற்கும் கிழக்கே கடல். மழை கொட்டினால், சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகளின் மிகைநீரெல்லாம் இறங்கிவந்து நம் சதுப்பில் சேர்கின்றது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக அந்தக் கால்வாய்க்குள் புகுந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலோடு கலக்க வேண்டும். கலக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றேன்; கலக்கின்றது என்று சொல்லவில்லை. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் அந்த நீர் எங்கே நின்றது என்பதை உங்கள் வீட்டுச் சுவர்களே சொல்லும்.

அக்கால்வாய்க்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். அதனை இன்று சாய்க்கடை என்று எண்ணிக் கடந்து போகின்றோம். ஆனால், அது சாய்க்கடையாக வெட்டப்பட்டதன்று. படகு செல்வதற்காக வெட்டப்பட்டது. இந்த ஒரு செய்தியை நெஞ்சில் இருத்திக்கொண்டால் போதும். நான் சொல்ல வந்ததில் பாதி விளங்கிவிடும்.

நீர்வழி என்பது வெள்ளையன் வந்து நமக்குக் கற்பித்த கலையா? கலம், நாவாய், வங்கம், ஓடம், தோணி, அம்பி, திமில், பரிசல் என்று நீரில் மிதப்பனவற்றுக்கெல்லாம் வேறுவேறு பெயர் வைத்த இனம் இது. உப்பை விற்று நெல்லை வாங்கிவந்த படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகள் போலக் கழியோரத்தில் கட்டப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அதே உப்பும் நெல்லும் விறகுமே பிற்காலத்தில் இந்தக் கால்வாயிலும் சென்றன. பாவேந்தர் பாரதிதாசனார் இதே நீர்வழியில் படகேறிச் சென்று, அச்செலவை 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கினார்.

கால்வாயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். 1806ஆம் ஆண்டளவில் பேசில் காக்கிரேன் என்னும் வெள்ளை வணிகரின் முதலீட்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதற் பகுதி அமைந்தது. 1837இல் அரசு அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் அது நீட்டப்பட்டது. இடையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. அதனை வெட்டியது யார்?

1876இல் தொடங்கிய தாது ஆண்டுப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தென்னாட்டில் பல நூறாயிரவர் மாண்டனர். பஞ்சத் துயர்தீர்ப்புப் பணியாக 1877-78இல் அந்த 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் பசியால் ஒடுங்கிய நம் மக்கள். அந்நாளில் பஞ்சப் பணியாளர்க்கு வெள்ளை அரசு ஒரு கட்டத்தில் அளந்த கூலி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தவசமும் ஓரணாவும். ஆனால், கால்வாய்க்கு வைத்த பெயரோ, வெட்ட ஆணையிட்ட ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்! வெட்டியவனுக்கு அரைவயிற்றுக் கூழ். ஆணையிட்டவனுக்கு அழியாப் பெயர். அந்தப் பெயரை இன்றும் நாம் மாற்றவில்லை.

பின்பு என்ன ஆயிற்று? சாலையும் தொடர்வண்டியும் வந்தபின் படகுகள் குறைந்தன. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சிதைந்ததை எவரும் முழுமையாகச் சீர்செய்யவில்லை. அதற்கு மேல், நகருக்குள் பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்களைக் கால்வாயின் மார்பிலேயே ஊன்றினார்கள்.

இந்நிலையில்தான் 2008 நவம்பரில் நடுவணரசு ஓர் அறிவிப்பைச் சட்டமாக்கியது. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களும், கோதாவரி, கிருட்டிணை ஆறுகளின் பகுதிகளும் சேர்ந்து 1,078 கிலோமீட்டர், நான்காம் நாட்டு நீர்வழி ஆயின. இதில் வடபக்கிங்காம் கால்வாய் 316 கிலோமீட்டர். நம் தென்பக்கிங்காம் கால்வாய் 110 கிலோமீட்டர். கழுவேலி ஏரி 22 கிலோமீட்டர். அளந்தார்கள், அறிக்கை எழுதினார்கள். 2017இல் கிருட்டிணை ஆற்றில் முத்தியாலா–விசயவாடா இடையே 82 கிலோமீட்டரில் பணி தொடங்கியது. நம் பகுதியில்? முட்டுக்காட்டில் உலாப்படகு உண்டு. சரக்குப் படகு ஒன்றும் இல்லை.

கங்கையைப் பாருங்கள். 1986இலேயே அலகாபாத்து முதல் ஆல்தியா வரை 1,620 கிலோமீட்டர் முதலாம் நாட்டு நீர்வழி ஆயிற்று. வாரணாசிக்கும் ஆல்தியாவுக்கும் இடையே அதனை மேம்படுத்த, உலக வங்கியின் துணையோடு 5,369 கோடி உரூபாத் திட்டத்திற்கு 2018இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கங்கைக் கரையினர் வாழட்டும். நமக்கு அவர்மேல் பொறாமை இல்லை. ஆனால், அங்கே பணமும் பணியும், இங்கே பெயர்ப்பலகையும் என்றால், இது என்ன முறை?

2016ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டு நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக உயர்த்தியது. காவிரி–கொள்ளிடமும் பொருநையும் பாலாறும் அப்பட்டியலில் உள்ளன. பாலாறு! ஆண்டில் பெரும்பகுதி மணலே ஓடும் ஆற்றை நீர்வழி என்று எழுதினால் அதில் கப்பல் வந்துவிடுமா?

இங்கே உரிமைச் சிக்கல் ஒன்று உள்ளது. அரசியலமைப்பின்படி உள்நாட்டு நீர்வழிகள் மாநிலப் பட்டியலில் 13ஆம் இனம். ஆனால், நாடாளுமன்றம் ஒரு நீரை 'நாட்டு நீர்வழி' என்று சட்டத்தால் அறிவித்துவிட்டால், அதில் விசைக்கலப் போக்குவரத்து ஒன்றியப் பட்டியலின் 24ஆம் இனத்திற்குள் போய்விடுகின்றது. அதாவது, நம் முற்றத்துக் கால்வாயில் எவ்வளவு ஆழத்தில் கலம் செல்ல வேண்டும் என்பதை நொய்தாவில் அமர்ந்திருக்கும் நீர்வழி ஆணையம் முடிவு செய்யும். வெள்ளம் வந்தால் முழங்கால் நீரில் நிற்பவர் மட்டும் நாம்!

ஆயினும், பழியையெல்லாம் தில்லியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. பெருங்குடியில் சதுப்பின் மேல் குப்பை மலையைக் குவித்தவர் யார்? ஏரி வாய்க்கால்களில் மனை பிரித்தவர் யார்? வாங்கியவர் யார்? எஞ்சிய சதுப்பில் 1,247.54 எக்டேர் 2022இல் இராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உலகம் மதித்த நிலத்தை நாம் மதிக்கவில்லையே!

இனி, செய்ய வேண்டியது என்ன? நீர்வழி அளவாய்வு என்றால் என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். குறித்த இடைவெளிதோறும் கால்வாயின் குறுக்கே அகலமும் ஆழமும் அளப்பார்கள். கடல் ஓதம் எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்று அளவுகோல் நட்டுப் பார்ப்பார்கள். அடிமண்ணை எடுத்து ஆய்வார்கள். பாலத்தின் அடிமட்டத்திற்கும் நீர்மட்டத்திற்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பார்கள். எண்ணிப் பாருங்கள்: வெள்ளம் ஏன் வடியவில்லை என்று அறிவதற்கும் இதே அளவுகள்தாமே வேண்டும்! நம் கால்வாய் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடப்பது. சரிவு மிகக் குறைவு. அத்தகைய கால்வாயில் ஒரு முழம் சேறு படிந்தாலும், ஓரிடத்தில் அகலம் குறுகினாலும், நீர் பின்வாங்கி நம் தெருவுக்கு வரும். சரக்குப் படகு தடையின்றிச் செல்லுமளவு அகலமும் ஆழமும் இருந்தால், வெள்ளமும் விரைந்து செல்லும்.

"ஆழப்படுத்தினால் உப்புநீர் மேலேறிச் சதுப்பைக் கெடுக்காதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்காகவே முதலில் அளக்கச் சொல்கின்றோம். அளந்தபின் தோண்டச் சொல்கின்றோம். எங்கே தோண்டலாம், எங்கே அடைகதவு வேண்டும், எங்கே தொடவே கூடாது என்பதை அளவே சொல்லும். அளக்காமல் தூர்வாருவது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுவை செய்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே, தமிழ்நாட்டரசிடம் நாம் கேட்பவை நான்கு. ஒன்று: ஒக்கியம் மடுவு முதல் முட்டுக்காடு வரையிலான பகுதியை நீர்வளத்துறை முதற்கண் முழுமையாக அளந்து, அளவுகளைத் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் வைக்க வேண்டும். இரண்டு: கால்வாயின் இரு கரையிலும் எல்லைக்கல் நட வேண்டும். மூன்று: மேம்பாட்டுப் பணியில் மாநிலத்தின் ஒப்புதலின்றி ஒரு கூடை மண்ணும் அசையக் கூடாது, செலவில் நடுவணரசு தன் பங்கைத் தர வேண்டும். நான்கு: கரையோரக் குடிசைவாழ் மக்களை வேற்றிடத்திற்குத் துரத்தாமல், அண்மையிலேயே வீடு தந்தபின் பணியைத் தொடங்க வேண்டும். அன்று பசித்தவனைக் கொண்டு வெட்டினார்கள். இன்று பசித்தவனை விரட்டித் தூர்வார வேண்டா.

பெயரையும் மாற்றுவோம். ஆனால், சேறு நிறைந்த கால்வாய்க்குத் தமிழ்ப்பெயர் சூட்டி மகிழ்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று. நீர் ஓடட்டும், படகு ஓடட்டும். அந்நாளில் வெட்டிய மக்களின் நினைவாக ஒரு தமிழ்ப்பெயரை நாம் எல்லாரும் கூடிச் சூட்டுவோம். அடுத்த மழைக்கு முன் ஒருநாள், இளைஞர்கள் என்னோடு வாருங்கள். மடுவிலிருந்து கழிமுகம் வரை கரையோடு நடந்து, எங்கெங்கே அடைபட்டிருக்கின்றது என்று நம் கண்ணால் பார்த்து, நம் கையால் எழுதி, முதல் விண்ணப்பத்தை நாமே கொடுப்போம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!