வாயில் தோன்றும் வெண்திட்டு
(தெல்தெனியவில் ஆற்றிய உரை)



நாம் வைத்தியரல்லோம், சட்டம் பயின்றோர். ஆயினும், உயிரைப் பற்றிய வழக்கில் எம்மக்கள் தவணைமேல் தவணை கேட்பதைக் கண்டு வாளாவிருத்தல் இயலவில்லை. இலங்கையில் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றே முன்னிற்கின்றது.

அந்நோய் பலரிடத்து முன்னறிவித்தல் தந்தே வருகின்றது. துடைத்தாலும் போகாத வெண்திட்டு, அதனினும் கொடிய செந்திட்டு, காரம் பட்டதும் எரிச்சல், நாளடைவில் வாய் திறவாமை ஆகியன அதன் அறிகுறிகள். இரு வாரத்தில் ஆறாத புண்ணையும், மூன்று வாரம் நீடித்த குரற்கம்மலையும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

“புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே?” என்பாருளர். பாக்கே புற்றுநோய் விளைப்பது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் முடிவு கூறிற்று. கமுகு வளர்க்கும் உழவர்க்கு இது கசக்கும். கசப்பினும் உண்மை உண்மையே.

சிகிச்சை யாது? முதலாவது, வெற்றிலைபாக்கு, புகை, மது ஆகியவற்றை விடுதல். அடுத்து, சிறு துணுக்குத் தசையை எடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதிப்பர். அதனால் நோய் பரவும் என்பது வீண் அச்சம். கலங்கள் கெட்டிருப்பின், கத்தியாலோ லேசர்க் கதிராலோ திட்டை அகற்றுவர். குரல்நாணில் தோன்றும் திட்டுக்கும் அவ்வழியுண்டு. அகற்றியபின்னும் மீளக்கூடுமாதலின், குறித்த நாளில் மீண்டும் செல்லல் கடமை. இறுகிய வாய் முற்றாக நெகிழ்தல் அரிது. பயிற்சியும் ஊசிமருந்தும் ஓரளவு உதவும்.

கேரளத்தில் 1996 இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சிபெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 வீதம் குறைந்ததென 2005 இல் அறிவித்தனர். இலங்கையிலும் 1980களில் இவ்வாறு பார்த்தனர். ஆனால், அனுப்பப்பட்டோரிற் பெருந்தொகையினர் வைத்தியசாலைக்குப் போகவேயில்லை.

பேராதனைப் பல் வைத்தியசாலை நமக்குத் தொலைவன்று. ஆயினும், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அங்கு செல்ல ஒருநாட் கூலி போகின்றது. அக்கூலியைத் தோட்ட நிர்வாகங்கள் வழங்குதல் வேண்டும். ஒப்பம் கேட்குமுன் சிகிச்சையைத் தமிழில் விளக்குதல் வேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதன்றோ? இவ்விரண்டும் யாசகமல்ல, நியாயம்.

பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. நீர் ஏறுமுன் மக்கள் மேட்டுக்கு வந்தனர், அதனாற் பிழைத்தனர். வெண்திட்டும் அத்தகைய முன்னறிவித்தலே. இன்றிரவே விளக்கொளியில் கண்ணாடிமுன் வாயைத் திறந்து பாருங்கள். ஐயமெனில் நாளையே புறப்படுங்கள்!