ஆட்டமும் புகழும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் எங்களில் பலருக்கு வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கு. இரு மொழிகளிலும் சளைக்காமல் நாங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டென்றால், அது விளையாட்டைப் பற்றிய வாதம்தான்.

2024 ஆகஸ்டு 4ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கிக் காலிறுதியில் இந்தியா பிரிட்டனை எதிர்த்து ஆடியது. 17ஆவது நிமிஷத்தில் நம் வீரர் ஒருவர் சிவப்பு அட்டையால் வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பத்துப் பேர் போராடி ஆட்டத்தை 1-1 எனச் சமனில் முடித்தனர். பிறகு ‘ஷூட்-அவுட்’டில் 4-2 என வென்றனர். அன்று மாலை திருப்பதியில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்த நாங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்துவிட்டோம்.

ஷூட்-அவுட் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தாக்கும் வீரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்பட வேண்டும். எதிரே கோல் காவலர் ஒருவரே இருப்பார். எட்டு வினாடிக்குள் பந்து கோலுக்குள் புகவேண்டும். முன்னாளில் 6.40 மீட்டர் தூரத்திலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளி முடிவு கண்ட முறைக்குப் பதிலாக இது வந்தது.

“முதுகைக் காட்டிச் சுழல்வதும் மட்டையைப் புரட்டிப் புரட்டி ஏய்ப்பதும் சர்க்கஸ் வித்தை; அத்துடன் விளம்பரப் படமும் சேர்ந்துவிட்டால் ஆட்டம் கெடும்” என்றனர் பெரியவர்கள். “வித்தையும் புகழும் இல்லாவிட்டால் கிரிக்கெட்டை விட்டு யார் ஹாக்கி பார்ப்பார்கள்?” என்றனர் இளைஞர்கள்.

சற்று ஆராய்ந்தால் இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கோல் காவலர் முன்னேறி வந்து வழியை அடைக்கிறார். அவரை ஒரு பக்கம் சாயச் செய்தால்தான் மறு பக்கம் திறக்கும். ஆகவே அந்தச் சுழற்சி வீண் ஆடம்பரமன்று. அதற்கு வேலை உண்டு. ஆனால் சுழன்றுகொண்டே இருப்பவருக்காகக் கடிகாரம் காத்திராது.

புகழின் கணக்கு வேறு. புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தென் கொரியாவை வென்று தங்கம் பெற்றது. சமனில் நின்ற அந்த இறுதி ஆட்டத்தைப் பெனால்டி தள்ளுகளே தீர்த்தன. கோலைக் காத்தவர் ஆஷிஷ் பல்லால். தாயகம் திரும்பிய பிறகு இருவருமே மற்ற மூத்த வீரர் சிலருடன் அணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். புகழ் அவர்களைக் காக்கவில்லை. எனினும் தன்ராஜ் மீண்டு வந்து சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஆடினார், காத்தது ஆட்டமே.

இவ்வாறு புனேயின் தன்ராஜையும், பாரிஸில் கோல் காத்த கேரளத்தின் ஸ்ரீஜேஷையும் போற்றிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் செல்லும் சிறுமி ஒருத்தி, “நம்ம ஊர்க்காரர் யாரும் இல்லையா, தாத்தா?” என்று கேட்டாள். ஒரு மணி நேரம் முழங்கிய எங்களில் உடனே விடை சொன்னவர் ஒருவருமில்லை.

விடை இருந்தது. பழைய சித்தூர் மாவட்டத்தில், யெர்ராவாரிபாலெம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் ரஜனி எதிமர்பு. இந்திய மகளிர் அணியின் கோல் காவலராக ஆடியவர். 2017இல் சீனாவை ஷூட்-அவுட்டில் 5-4 என வென்று ஆசியக் கோப்பை கொணர்ந்த அணியில் இருந்தார். அன்று கோலில் நின்றவர் சவிதா. ரஜனி இரண்டாவது காவலராகக் காத்திருந்தார். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த ஐவர் ஹாக்கி உலகக் கோப்பையிலோ அவரே தலைவி. அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பெயரிலே தமிழ் இருந்ததால் தொலைவிலுள்ள தன்ராஜ் நம்மவரானார்; நாங்கள் குடிக்கும் தண்ணீரையே குடித்து வளர்ந்த பெண் நினைவுக்கு வரவில்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நேயர்களும் தங்கள் வீட்டில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். மொழியால் நமக்கு ஓர் உறவு உண்டு. வாழும் மண்ணால் மற்றோர் உறவும் உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை மறக்க வேண்டியதில்லை.

மறு வாரம் அந்தச் சிறுமி ஹாக்கி மட்டை ஒன்று வேண்டுமென்று கேட்டாள். வித்தையா, புகழா என்ற எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை. மட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டோம்.