சாக்பீஸிலிருந்து ஷார்ட்ஹேண்டுக்கு

(நமது சங்கத்தின் மும்பைக் கிளை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசச் சொல்லி செயலாளர் மாமி போன் செய்தபோது, "நான் என்னத்தைப் பேசறது? பதினாலு வருஷம் ஸ்கூல்ல பேசித் தீர்த்தாச்சு. அப்புறம் பத்தொன்பது வருஷம் பேசாம இருக்கறதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன்" என்றேன். "அதையே வந்து சொல்லுங்கோ" என்றார். நம் கிளையில் ஆசிரியைகளாக இருக்கும் மூன்று நான்கு பேர் வேலை மாற யோசிக்கிறார்களாம். பி.ஏ. வேலை என்றதும் வீட்டில் முகம் சுளிக்கிறார்களாம். எனக்கு அது புதிதல்ல. என் வீட்டில் முதலில் சுளித்தது என் அப்பாவின் முகம்தான். இத்தனைக்கும் அவரே ஒரு ஸ்டெனோ.

அப்பா 1957-ல் பம்பாய் வந்தார். கையில் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட், டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர். நிமிஷத்துக்கு 120 வார்த்தை. மாதுங்காவில் ஒரு அறையில் ஐந்து பேர், மெஸ் சாப்பாடு. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் இருக்கும். அந்நாளில் கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களில் துரை போய் சேட் வந்தாலும், வெளி அறையில் டைப் அடிப்பவர் பெரும்பாலும் நம்மவராகவே இருந்தார். அறுபதுகளின் கடைசியில் அதற்காகவே ஊரில் நம் மேல் கோபமும் இருந்தது.

முப்பத்தேழு வருஷம் அவர் மணி அடித்தால் எழுந்து போனார். அதனால் என்னைப் பற்றி ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. "நீ உள்ளே நுழைஞ்சா நாற்பது பேர் எழுந்து நிக்கணும். மணி அடிச்சு உன்னை யாரும் கூப்பிடக் கூடாது" என்பார். பி.எஸ்ஸி., பி.எட். படிக்க வைத்தார். 1991-ல் புறநகரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனேன். நாற்பது இல்லை, அறுபத்திரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

2004-ல் என் ஆத்துக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பையன் பத்தாவது, பெண் ஏழாவது. என் சம்பளம் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 9,100 ரூபாய். டியூஷன் எடுத்துப் பார்த்தேன், தொண்டைதான் போயிற்று. அப்போது என் மாணவி ஒருத்தியின் தகப்பனார், வால்வு தயாரிக்கும் கம்பெனியின் எம்.டி., தன் பி.ஏ. ஓய்வு பெறுவதாகச் சொல்லி என்னைக் கேட்டார். பள்ளியில் முப்பத்தாறு வகுப்புகளுக்கு டைம்டேபிள் போடுவது என் பொறுப்பு. ஒரே காலையில் நாலு டீச்சர் லீவு போட்டாலும், முதல் மணி அடிப்பதற்குள் யார் எந்த வகுப்புக்குப் போகவேண்டும் என்று சீட்டு எழுதிவிடுவேன். அதைப் பெற்றோர் சங்கக் கூட்டங்களில் கவனித்திருக்கிறார். சம்பளம் 14,000. 2005 ஜூனில் சேர்ந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை. அவர் டோம்பிவிலியில் தம்பியோடு இருந்ததால் மறைக்க முடிந்தது. பண்டிகைக்குப் போனால், "போர்ஷன் முடிச்சாச்சா?" என்று கேட்பார். "ஆச்சுப்பா" என்பேன். கணக்கு டீச்சர் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட வருஷம் அது.

முதல் வாரமே ஒரு கூத்து. எம்.டி. கைப்பட எழுதிய கடிதம் ஒன்று டைப் செய்ய வந்தது. பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் சுழித்து, ஓரத்தில் 'கவனி' என்று எழுதி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். கூப்பிட்டார். "மிஸ், பாஸா ஃபெயிலா?" என்றார். காது மடல் சுட்டது. தப்பைத் திருத்து, திருத்தியதைக் காட்டிக்கொள்ளாதே என்பது அன்று புரிந்தது. டீச்சருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று டீச்சர்களுக்குத்தான் தெரியும். குரலைக் குறைக்கவும் ஆறு மாதம் ஆயிற்று. நான் போனில் பேசினால் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்களாம். மே மாத லீவு போனதுதான் நிஜமான நஷ்டம். அந்தக் கோடையில் குழந்தைகள் பூட்டிய வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் ஏழரைக்கு நான் கதவைத் திறக்கும்போது என் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது தம்பி மூலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. காபி குடித்துவிட்டு, "ஷார்ட்ஹேண்ட் தெரியாம என்னடி பி.ஏ.?" என்றார். அடுத்த ஞாயிறு ஒரு கோடு போட்ட நோட்டும் இரண்டு பென்சிலும் கொண்டுவந்தார். அவருக்கு 69 வயது, எனக்கு 38.

பிட்மேன் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் 'ப' ஒன்றுதான். பாயசத்தின் 'ப'வும் பம்பாயின் 'ப'வும் நமக்கு ஒரே எழுத்து. பிட்மேனிலும் இரண்டுக்கும் ஒரே கோடுதான். பாயசத்துக்கு மெல்லிசாகப் போடணும், பம்பாய்க்கு அழுத்திப் போடணும். உயிரெழுத்துக்குப் புள்ளியும் சின்னக் கீற்றும்தான். வேகத்தில் அதையும் விட்டுவிட்டு, சொல் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கோட்டின் மேலா, கோட்டை வெட்டுகிறதா என்று பார்த்து ஊகிக்கவேண்டும். அப்பா 'ஹிந்து' தலையங்கத்தைப் படிப்பார், நான் எழுதுவேன். 80-க்கு மேல் என் வேகம் ஏறவே இல்லை. ஆனால் ஷார்ட்ஹேண்டோடு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "காதில விழுந்தது கை வழியா பேப்பருக்குப் போகலாம். வாய் வழியா எங்கேயும் போகக் கூடாது. ஆத்துக்காரர்கிட்டயும் கூடாது." முப்பத்தேழு வருஷத்தில் அவர் ஆபீஸ் சமாசாரம் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கு விலை கொடுக்கவேண்டி வந்தது 2009-ல். உலகம் முழுக்க வியாபாரம் படுத்திருந்த சமயம். எங்கள் கம்பெனியில் ஒரு யூனிட்டை மூடுவது என்று முடிவாகி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பத்து மூன்று பேர் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். பதினேழாவது பெயர் எங்கள் பில்டிங் பையன். நான் சொல்லித்தான் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஸ்வீட் டப்பாவுடன் வந்தான். "மாமி, பத்லாபூரில் ஃபிளாட் பார்த்திருக்கேன். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். கம்பெனி நிலைமை சரிதானே?" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். "நிலைமையெல்லாம் எனக்கென்னப்பா தெரியும், டைப் அடிக்கிறவள்" என்றேன். அவன் கொடுத்த பேடாவை வாயில் போட்டுக்கொண்டு அதைச் சொன்னேன். திங்கட்கிழமை எம்.டி.யிடம், பட்டியலில் உள்ள ஒருவர் வீட்டுக்குப் பணம் கட்டப் போகிறார், இன்றே அறிவித்துவிட முடியாதா என்று பெயர் சொல்லாமல் கேட்டேன். வியாழக்கிழமை போர்டு மீட்டிங்குக்கு முன்னால் முடியாது என்றார். அவர் பக்கம் அது நியாயம்தான். பையன் திங்கள் கட்டினான், வெள்ளி நோட்டீஸ் வாங்கினான். அந்த வருஷம் நவராத்திரிக்கு அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு வெற்றிலை பாக்குக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் நானே போய் அழைத்தேன், வந்தார்கள். அது பற்றி இருவருமே பேசவில்லை.

அப்போது நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். மூன்று வாரம் ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பயோடேட்டா எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொன்று பேர். இருபது வருஷம் மெஷினில் நின்ற மனிதருக்குத் தான் என்ன செய்தோம் என்று சொல்லத் தெரியாது. கேள்வி கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவர வேண்டும். அது டீச்சர் வேலைதான்.

வேலை மாறப்போகிறவர்களுக்கு உபயோகமாக ஒன்று. நான் பள்ளியிலிருந்து விலகியபோது பணிக்கொடை கேட்டேன். "டீச்சருக்கு கிராஜுவிட்டி கிடையாது" என்றார்கள். அன்றைக்கு அது உண்மை. 1972-ம் ஆண்டுச் சட்டத்தை 1997 ஏப்ரலில் பள்ளிகளுக்கும் நீட்டித்தார்கள். ஆனால் சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்தில் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்கூல் கிளார்க்குக்கு உண்டு, டீச்சருக்கு இல்லை! 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியருக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. என் பழைய பள்ளியும் அதுவரை இழுத்தடித்தது. கணக்கு சுலபம்: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு 73,500 ரூபாய், மேலே வட்டி. கிடைத்ததற்குக் காரணம், அப்பா சொல்படி நியமன உத்தரவு முதல் ரிலீவிங் லெட்டர் வரை எல்லாவற்றையும் இரண்டு பிரதி வைத்திருந்ததுதான். அவர் 2014-ல் காலமாகிவிட்டார், அந்த செக்கைப் பார்க்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட்ஹேண்ட் கட்டாயமா என்று ஒரு சகோதரி கேட்டார். இல்லை. இன்று அதைக் கேட்பவை பெரும்பாலும் கோர்ட்டுகளும் அரசாங்க ஆபீஸ்களும்தான். கம்பெனிகளில் எக்ஸெல், டிராவல் புக்கிங், மீட்டிங் மினிட்ஸ் இவை தெரிந்தால் போதும். டைம்டேபிள் போட்ட கைக்கு எக்ஸெல் ஒரு வாரம்.

பொருளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பயோடேட்டா எழுத உதவி வேண்டுமென்றால் டிபன் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சிவப்புப் பேனா கொண்டுவரவில்லை.