வந்து வந்து போகும் இணைப்பு
(குறுவள மையப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"நெட் இருக்கு, ஆனா சரியா வரல" என்று சொல்லாத ஆசிரியர் நம்மில் இருக்க மாட்டார். முழுவதும் அறுந்துபோன இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போவதுதான் சிரமம். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பழுதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன். அதற்கு முன் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளி சாலையின் இருபுறமும் இருக்கிறது. இணைய இணைப்பு வந்து சேருவது அலுவலகக் கட்டடத்தில். கணினி ஆய்வகம் எதிர்ப்புறம். இரண்டையும் ஒரு ஃபைபர் கேபிள் இணைக்கிறது. ஒருநாள் இணையவழி வினாடிவினா நடத்தினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைகள் பதிவாகவில்லை. "அனுப்பிட்டேன் சார், சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள். நான் நம்பவில்லை. வகுப்பின் முன் கடிந்துகொண்டேன். அடுத்த வாரம் மூன்று பேருக்கு அதே நிலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கணினி அனுப்பும் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து செல்கிறது. வழியில் சில தொலைந்தால் கணினி மீண்டும் அனுப்பும். பதில் வராவிட்டால் ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் காத்திருந்து அனுப்பும். அந்தக் காத்திருப்பைத்தான் அவள் "சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள்.

பாக்கெட் தொலைகிறதா என்று பார்க்க 'பிங்' கட்டளை போதும். 1983 இல் அமெரிக்காவின் மைக் மூஸ் எழுதியது. விண்டோஸில் சும்மா பிங் கொடுத்தால் நான்கு பாக்கெட்டுகளோடு நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவரும் அப்படித்தான் பார்த்தார். நான்கும் திரும்பி வந்தன. "லைன் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கணித ஆசிரியர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஐந்து பாக்கெட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைவதாக வைத்துக்கொள்வோம். நான்கும் பத்திரமாகத் திரும்பும் நிகழ்தகவு 0.95 இன் நான்கடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.81. பழுது இருக்கும்போதே நூற்றுக்கு 81 முறை "நன்றாக இருக்கிறது" என்றுதான் விடை வரும்! ஆகவே நான்கு போதாது. 'மைனஸ் என்' என்று சேர்த்து 500 கொடுங்கள்.

அடுத்து, வழியைத் துண்டுகளாகப் பிரித்தேன். ஆய்வகத்துக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு. ஆய்வகத்திலிருந்து அலுவலக ரவுட்டருக்கு. அலுவலகக் கணினியிலிருந்து வெளி இணையத்துக்கு. மாலையில் பள்ளி விட்டபின் பார்த்தேன். மூன்றிலும் இழப்பு இல்லை. மறுநாள் மாணவர்கள் வினாடிவினா எழுதும்போதே பார்த்தேன். முதலாவதிலும் மூன்றாவதிலும் இழப்பு இல்லை. நடுத்துண்டில் மட்டும் பாக்கெட்டுகள் தொலைந்தன. நேரத்தையும் எண்ணிக்கையையும் நோட்டில் குறித்தேன். பழுது இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்; அதுவும் கூட்டம் கூடும்போது மட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஆய்வகப் பக்கத்து இணைப்பு வயரை மாற்றினேன், பயனில்லை. பிறகுதான் அங்கிருந்த சுவிட்சைக் கவனித்தேன். ஃபைபர் வரும் போர்ட்டில் மட்டும் 'ஃபுல் டூப்ளெக்ஸ்' விளக்கு எரியவில்லை. சில மாதங்களுக்கு முன் மாற்றிய மீடியா கன்வெர்ட்டரில் வேகமும் டூப்ளெக்ஸும் நிலையாகப் பூட்டப்பட்டிருந்தன. சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருந்தது. மறுமுனை பேச்சுவார்த்தைக்கு வராதபோது சுவிட்சால் வேகத்தை அறிய முடியும், டூப்ளெக்ஸை அறிய முடியாது. அதனால் 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் இருவழிச் சாலை என்று நினைத்து ஓட்டுகிறார். எதிரில் வருபவர் ஒற்றைப் பாலம் என்று நினைக்கிறார். வண்டிகள் குறைவாக இருக்கும்வரை தொல்லையில்லை. கூட்டம் சேர்ந்தால் மோதல்தான். கன்வெர்ட்டரையும் ஆட்டோவுக்கு மாற்றினோம். மீண்டும் வினாடிவினா நேரத்தில் 500 பாக்கெட்டுகள் அனுப்பினேன். ஒன்றும் தொலையவில்லை.

ஒரு எச்சரிக்கை. 'டிரேசர்ட்' கட்டளையில் நடுவில் ஒரு வரியில் மட்டும் நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் தருவதைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இடம்வரை ஒழுங்காகச் சேர்ந்தால் அது பழுதல்ல.

நீங்கள் புகார் கொடுக்கும்போது "நெட் சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நேரம், எங்கிருந்து எங்கே, எத்தனை அனுப்பி எத்தனை தொலைந்தன, அப்போது எத்தனை கணினிகள் இயங்கின என்று எழுதுங்கள். அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கன்வெர்ட்டரைச் சரிசெய்த மறுநாள், எந்த வகுப்பின் முன் கடிந்துகொண்டேனோ அதே வகுப்பின் முன் அந்த மாணவியிடம், "நீ சொன்னது சரிம்மா, நான்தான் பார்க்காமல் பேசிவிட்டேன்" என்றேன். அன்று வகுப்பு முழுவதும் பிங் கட்டளையைக் கற்றுக்கொண்டது. இப்போது ஆய்வகத்தில் அந்த நோட்டை எழுதுபவள் அவள்தான்.